வெள்ளிப் பன்றியும் கல்லறைப் பாதையும்

கங்கம்மாவுக்கு ராஜாக்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது. அவளுக்கு இருந்த கோபமெல்லாம் ஒரு காம்பவுண்டு சுவர் மேல்தான்.

கவரைப்பேட்டையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற வழியில், ஹைவேயை ஒட்டி இருந்த துளசிராமனுடைய ரோலிங் மில்லின் பின்பக்கச் சுவர் அது. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில். அந்தச் சுவர் எழும்புகிற வரைக்கும் அங்கே ஒரு வண்டிப்பாதை இருந்தது. கங்கம்மா இருந்த காலனியில் கிளம்பினால் நேராகக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடும். செத்தவர்களைத் தூக்கிப் போகக் காலனி ஜனத்துக்கு இருந்ததே அந்த ஒரு வழிதான். துளசிராமன் மில்லைப் பெரிசு பண்ணுகிற அவசரத்தில் பாதையையும் சேர்த்து உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டார். கேட்கப் போனவர்களிடம், "எல்லாம் நம்ம பட்டா நெலம்தான். இவ்ளோ நாளு போனா போவுதுன்னு வுட்டு வெச்சிருந்தேன்" என்றார். மனுஷருக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

அதே மில்லில் உலைக்கு முன்னால் நின்று நின்று வெந்தவன் சாலமோன், கங்கம்மாவின் புருஷன். போன கார்த்திகை மழையில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெட்டியை ஹைவே வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, எந்த டிரைவராவது இரக்கப்பட்டு நிறுத்துவானா என்று ரோட்டோரத்தில் காத்து நின்றார்கள். எவன் நிறுத்துவான்? ஹாரன்தான் அடித்தான்கள். ஒரு டிரெய்லர் வாரியடித்த சேறு பெட்டி மேலெல்லாம் விழுந்தது. கங்கம்மா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு அவளுக்கு இன்னும் அணையவில்லை.

ஏறாத ஆபீஸ் இல்லை, கொடுக்காத மனு இல்லை. "பாக்கலாம்மா" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தர்கூட வந்து பார்க்கவில்லை. புருஷன் போன இடத்தில் இவளுக்கு மில்லில் கான்ட்ராக்டில் கூலி வேலை போட்டுக் கொடுத்தார்கள். செவுரு கட்டினவன் மில்லிலேயே வேலைக்குப் போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று யாராவது கேட்டால், "வெக்கத்த வேவ வெச்சி துன்ன முடியுமா?" என்று கேட்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. சாலமோன் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். அன்றைக்குப் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு, லாரிக்காரன்களுக்குப் பயந்து ஓடாமல், சொந்தப் பாதையில் நடந்து போய் அவன் தலைமாட்டில் உட்கார வேண்டும். கோட்டை கட்டித் தா என்றா கேட்டாள்?

அப்படி இருக்கும்போதுதான் துளசிராமன் புது உலைக்கு ஷெட்டு போட, மூடின பாதை மேலேயே குழி வெட்டச் சொன்னார். ஜேசிபி ஓட்டினது ஸ்டீவன், சாலமோனின் தம்பி. "அண்ணி, நம்ம அண்ணன் போயிருக்கவேண்டிய வழிய என் கையாலயே நோண்ட வெக்கிறானுங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினான். கங்கம்மா மண் அள்ளினாள். அள்ளின மண்ணில் கறுப்பாக, வட்டமாக ஏதோ ஒன்று கிடந்தது. சோடா மூடி என்று நினைத்துத் தூக்கிப் போட இருந்தவள், கனமாக இருக்கிறதே என்று ஸ்டீவனிடம் நீட்டினாள்.

இரும்பு மில்லுக்காரனுக்கு உலகத்தில் ரெண்டே ஜாதி. காந்தத்தில் ஒட்டுகிற ஜாதி, ஒட்டாத ஜாதி. சாவிக்கொத்தில் தொங்கிய காந்தத்தை ஸ்டீவன் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. "இரும்பில்ல அண்ணி. வேற இன்னாவோ."

அவ்வளவுதான். சூப்பர்வைசர் தணிகைவேல் எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, வந்து பிடுங்கிக்கொண்டார். "மில்லுக்குள்ள கெடச்சது மில்லுக்குத்தான் சொந்தம்" என்று சொல்லி, நெற்றிக்கு வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துத் தேய்த்தார். பளிச்சென்று வெள்ளி தெரிந்தது. ஒரு பக்கம் நாலு காலில் ஒரு மிருகம் நின்றது. அதன் மூஞ்சிக்கு முன்னால் ஒரு கத்தி, தலைக்கு மேலே ஒரு சூரியன், ஒரு பிறை நிலா. மறுபக்கம் யாருக்கும் புரியாத எழுத்து.

அன்று சாயந்திரமே டீக்கடையில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. தணிகைவேல் அது குதிரை என்றார். அவர் போன மாதம்தான் புல்லட் வாங்கியிருந்தார், கண்ணுக்குக் குதிரையாகத்தான் தெரியும். லாரி ஆபீஸ்காரர் யானை என்றார். தும்பிக்கை எங்கே என்று கேட்டதற்குத் தேய்ந்து போச்சு என்றார். சர்ச் ஃபாதர் செல்போனில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குட்டி மாதிரியும் தெரியுது" என்று சொல்லிவிட்டு, கத்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் டீயைக் குடித்தார்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது அன்புசெல்வன். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருந்தான். போதாக்குறைக்கு யூடியூபில் வரலாற்றுச் சேனல் வேறு. உலகத்தில் எந்தக் கல்லைக் காட்டினாலும் அதன் வயசு, வம்சம் எல்லாம் அப்பவே சொல்வான். முதலாளி ரூமில் துளசிராமன் நீட்டிய காசைக் கையில் வாங்கினான், கண்ணை மூடினான். "சிங்கம் சார்!" என்றான்.

துளசிராமனுக்குப் புல்லரித்துப் போயிற்று. "அந்தக் கத்தி?"

"வீரம் சார்."

"சூரியன், சந்திரன்?"

"அதுதான் சார் விசேஷம். சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும் இந்த மண்ணு உங்க பரம்பரைக்குத்தான்னு ராஜாவே முத்திர குத்திக் குட்துகிறாரு."

காசிலே எப்படி ஐயா மண் வந்தது என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. கேட்கிற ஆளுக்கு மில்லில் வேலை இருக்காது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். துளசிராமன் குடை பிடிக்கவில்லை, மீசை வளர்த்தார். அவருடைய அப்பா பழைய பேப்பர், பாட்டில் எடுத்துப் பிழைத்தவர் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். அதில் ஒரு கேவலமும் இல்லை, உழைத்துச் சாப்பிட்ட மனுஷன். ஆனால் ஒரே வாரத்தில் அந்தப் பாவப்பட்ட மனுஷனைக் குறுநில மன்னராக்கி ஹைவே முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். துளசிராமன் தலையில் கிரீடம், கையில் வாள், காலடியில் ஒரு சிங்கம். அந்தச் சிங்கத்தைப் போன முகூர்த்தத்தில்தான் ஒரு மாப்பிள்ளை காலடியில் பார்த்தோமே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

உலை ஷெட்டைப் பக்கத்து இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் குழி மேலேயே ஒரு மண்டபம் கட்டப்போவதாக முடிவாயிற்று. கிரானைட்டில் கல்வெட்டு. மன்னர் எங்கள் மூதாதையருக்கு அளித்த மண் என்று பொறிக்கப் போகிறார்கள். அது காதில் விழுந்ததும் கங்கம்மா மண்கூடையைக் கீழே வைத்துவிட்டாள். சுவர் என்றால் என்றைக்காவது இடிக்கலாம். கோயில் மாதிரி மண்டபம் கட்டி மாலை போட்டுவிட்டால் பிறகு எவன் இடிப்பான்? பாதை செத்தது செத்ததுதான்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு முதலாளி ரூமுக்கே போனாள். "சார், மண்டபத்த கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கோங்க சார். கல்லறத் திருநாளு வருது. நாங்க போவ வர ஒரு ஆள் வழி வுட்டா போதும்."

துளசிராமன் புது மீசையைத் தடவிக்கொண்டார். "கங்கம்மா, நீயே சொல்லு. ராஜா குட்த மண்ணு இது. அதுல பொணம் தூக்கினு போவ வுட முடியுமா?"

உலைக்கு முன்னால் வெந்து செத்தவன் பொணம்டா அது என்று அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"அப்பறம் இன்னொன்னு" என்றார் அவர். "ஞாயித்துக்கெழம விழா. காச எட்தவ நீதான். மேடையில ஏறி, மொதலாளி மண்ணுலதான் கெடச்சுதுன்னு சொல்லணும். பொன்னாடை போத்தறேன். சொல்லலன்னா திங்கக்கெழமலேர்ந்து வேலைக்கு வரவேணாம்." பொன்னாடையையும் வேலைநீக்கத்தையும் ஒரே மூச்சில் கொடுக்கிற கலை அவருக்குத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குள் பந்தல் போட்டார்கள். செண்டைமேளம் வந்தது. வந்தவர்களுக்கு நாஷ்டாவுக்குப் பொங்கலும் வடையும். அன்புசெல்வன் ஸ்டாண்டில் செல்போனை மாட்டி எல்லாவற்றையும் நேரலையாக ஓட்டிக்கொண்டிருந்தான். காசு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் உட்கார்ந்திருந்தது. அரசாங்க விழா மாதிரி இருக்கட்டும் என்று தொல்லியல் துறையிலிருந்து ஒரு ஆபீசரையும் அழைத்திருந்தார்கள். மோனிகா என்று பேர், சின்ன வயசுதான். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் ஒரு லென்ஸ். மாலை போட வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

கங்கம்மாவை மேடை ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தணிகைவேல் மைக்கைக் கையில் திணித்து, "சொல்லு, சொல்லு" என்று உதட்டை அசைத்தார்.

"மொதலாளி மண்ணுலதான் எட்தேன்" என்றாள்.

கை தட்டினார்கள். அவளுக்கு சாலமோன் முகம் வந்து கண் முன்னால் நின்றது. வயித்துப் பாட்டுக்காகக் கட்டினவன் வழியையே வித்துட்டியேடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மைக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

அடுத்து மோனிகாவைக் கூப்பிட்டார்கள். அவள் காசைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான காசு! தங்கத்துலயும் செம்புலயும் நிறைய கிடைக்கும். வெள்ளியில கிடைக்கறது ரொம்ப அபூர்வம்."

துளசிராமன் நெஞ்சை நிமிர்த்தினார். "அந்தச் சிங்கத்தப் பத்தி நாலு வார்த்த சொல்லுங்க மேடம்."

"சிங்கம் இல்ல சார். பன்றி."

செண்டைமேளக்காரர் கூட கையை நிறுத்திவிட்டார். பின்வரிசையில் யாரோ "பன்னியா!" என்று கத்த, காலனி ஜனம் மொத்தமும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. துளசிராமன் ஹைவே முழுக்க நிற்கிற தன்னுடைய ஃப்ளெக்ஸ்களை நினைத்துக்கொண்டு அன்புசெல்வனைப் பார்த்தார். அவன் செல்போனுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"சிரிக்க இதுல எதுவும் இல்ல" என்றாள் மோனிகா. "இது சாதாரணப் பன்றி இல்ல, வராகம். பெருமாளோட அவதாரம். பூமியையே கொம்புல தூக்கிக் காப்பாத்தினவர். அது மாதிரி இந்த மண்ணை நான் காப்பேன்னு ராஜா சொல்ற அடையாளம். கத்தி, அரச அதிகாரம். சூரியனும் சந்திரனும், அதுங்க இருக்கற வரைக்கும் இந்த ஆட்சி நிக்கும்னு அர்த்தம்."

போன உயிர் துளசிராமனுக்குத் திரும்ப வந்தது. "பெருமாளு! பாத்தீங்களா, நம்ம பேரே துளசி, ராமன். எல்லாம் பெருமாளு குடும்பம்தான்!" என்று தழுதழுத்தார்.

"சரி சார். இது எந்த இடத்துல கிடைச்சது?"

"தோ, இங்கியேதான் மேடம். என் சொந்த மண்ணுல. இந்த மூலைலேர்ந்து அந்த மூல வரைக்கும் ஒரே பட்டா!"

நுணலும் தன் வாயால் கெடும். மோனிகா துணிப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். "ரொம்ப நல்லது. மண்ணுக்கு அடியில கிடைச்சதால காசு அரசாங்கத்துக்குப் போகும். ஒண்ணு கிடைச்ச இடத்துல இன்னும் கிடைக்கும். அதனால இந்த நிலத்தை நாங்க சர்வே பண்ணணும். அது முடியற வரைக்கும் இங்க புதுசா எதுவும் கட்டக்கூடாது, எந்த மெஷினும் வைக்கக்கூடாதுன்னு கலெக்டருக்கு எழுதிடறேன்."

துளசிராமன் அவசரமாகக் குழியைக் கைகாட்டினார். "இங்கன்னா... இந்தக் குழி மட்டும்தானே மேடம்?"

"ஒரே பட்டான்னு நீங்கதானே சார் சொன்னீங்க? மொத்தமும்தான்."

"சர்வே எவ்ளோ நாளு ஆவும்?"

"நான் காலேஜ்ல படிக்கும்போது ஒரு இடத்துல ஆரம்பிச்சாங்க. இன்னும் நடந்துட்டு இருக்கு." சூரியன் சந்திரன் இருக்கிற வரைக்கும் நிற்பது ராஜாவின் ஆட்சியோ இல்லையோ, அரசாங்க சர்வே நிற்கும்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. புது உலை குஜராத்திலிருந்து கிளம்பி லாரியில் வந்துகொண்டிருக்கிறது. துளசிராமன் மேடையில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார், ஆனால் மைக் அவர் சட்டையிலேயே குத்தியிருந்தது. "மேடம், ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. அந்தக் குழி கீற எடம் நம்ப நெலமே இல்ல."

"அப்ப யாரோடது?"

அவர் கண் பந்தல் முழுக்கத் தேடிவிட்டு, கங்கம்மா மேல் வந்து நின்றது. "காலனி ஜனங்க கல்லறைக்குப் போற பாதை மேடம். காலங்காலமா அவுங்கதான் போய்க்கினு வந்துகினு இருக்காங்க. பட்டாவே கெடையாது, பொறம்போக்கு."

ஒரு வருஷமாக எந்த ஆபீஸும் சொல்லாத உண்மையை மனுஷன் மைக்கில் சொல்லிவிட்டார்.

மோனிகா நம்பவில்லை. "இந்தம்மா இப்பதான் உங்க மண்ணுலதான் எடுத்தேன்னு சொன்னாங்க?"

"அது தெரியாம சொல்லிட்சி மேடம். கங்கம்மா, நீ சொல்லும்மா. பாதையிலதானம்மா எட்த?" இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு 'அம்மா' விழுந்தது அன்றைக்குத்தான்.

ஆமாம் பாதைதான் என்று உடனே கத்திவிடத்தான் கங்கம்மாவுக்கு வாய் துடித்தது. ஆனால் இந்த மனுஷரை அவளுக்குத் தெரியும். ஆபீசர் காரில் ஏறினதும் பாதை மறுபடி பட்டாவாகிவிடும். பொன்னாடையைச் சரிபண்ணிக்கொண்டு மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"இல்ல சார். உங்க மண்ணுதான் சார். சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும் உங்களுதுன்னு ராஜாவே குத்திக் குட்துகிறாரே."

பந்தல் ஓவென்று ஆர்ப்பரித்தது. துளசிராமன் கும்பிடாத குறை. "வெளையாடாதம்மா! பாதைன்னு ஒரு வார்த்த சொல்லு."

"பாதைன்னா வழி இருக்கணுமே சார். என் கண்ணுக்கு செவுருதான் தெரியுது. செவுத்த பாத்து பாதைன்னு எப்டி சார் பொய் சொல்லுவேன்? ஆபீசரம்மா முன்னால பொய் சொன்னா தப்பாச்சே."

துளசிராமன் சுவரைப் பார்த்தார். மோனிகா கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அன்புசெல்வன் செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புது உலை வருகிற லாரியை நினைத்துக்கொண்டார் போல. "டேய் ஸ்டீவன்!" என்று கத்தினார். "வண்டிய எட்றா! அந்தச் செவுத்த இடி!"

ஸ்டீவனுக்கு ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவன் மாதிரி ஓடி ஏறினான். ஜேசிபி உறுமியது. முதல் இடியில் சுவர் விரிந்தது, அடுத்த இடியில் சரிந்தது. மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸும் சிங்கத்தோடும் கிரீடத்தோடும் புழுதியில் விழுந்தது. இந்தக் கோடியையும் இடித்து, அந்தக் கோடியையும் இடித்துவிட்டு, "இன்னும் ஏதாவது இடிக்கணுமா சார்?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். புழுதி அடங்கியதும் அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் தெரிந்தன. கங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு நினைவு வந்து சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டாள்.

"இப்ப தெரியுது மேடம்" என்றாள். "இந்தப் பாதையிலதான் எட்தேன்."

மோனிகா எழுதிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது உதட்டில் தெரிந்தது. "பாதையில ஜனங்க தாராளமா நடக்கலாம். சர்வே முடியற வரைக்கும் இதுல யாரும் எதுவும் கட்டக்கூடாது."

"செவுருகூடவா மேடம்?"

"செவுருகூடத்தான்மா."

காசு அரசாங்கக் கருவூலத்துக்குப் போயிற்று. துளசிராமன் சும்மா இருந்தாரா? ராஜா பதவி ருசி கண்ட நாக்காயிற்றே. கல்லறைத் திருநாள் காலையில் பாதை வாயிலில் புது ஃப்ளெக்ஸ் நின்றது. பழைய கிரீடம், பழைய மீசை. சிங்கம் இருந்த இடத்தில் அன்புசெல்வன் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய ஒரு வெளிநாட்டுப் பன்றி, கொழுகொழுவென்று ரோஸ் கலரில். கீழே 'கல்லறைப் பாதை தானம் செய்த கருணை வேந்தே, வருக வருக!' என்று எழுதியிருந்தது. கல்லறைக்கு எந்த வேந்தன் இத்தனை ஆசையாக வருவான் என்று ஃபாதர் ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தாண்டிப் போனார்.

கங்கம்மா பாதையின் நடுவில் நடந்தாள். ஓரமாக ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது நடக்க நடக்கத்தான் அவளுக்கு உறைத்தது. சாலமோன் கல்லறையைக் கழுவினாள், சுண்ணாம்பு அடித்தாள், சாமந்திப் பூவை உதிர்த்துப் போட்டாள். காற்றில் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போக, கையால் மறைத்துப் பிடித்து ஏற்றினாள். பிறகு தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"வந்துட்டேன்யா" என்றாள். "நம்ம வழியிலயே நடந்து வந்தேன்."

சாய்ந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்துக் கல்லறையில் யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீ இன்னா பாவம்யா பண்ண? ஒரு வருசமா மனுசங்க நாங்க போய் கேட்டோம். கால்ல வுழுந்து கேட்டோம். ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. ஒரு பன்னி வந்து நின்னுச்சு. அன்னிக்கே வழி வுட்டானுங்க."

அதைச் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.